பலர் புழங்கும் உபுண்டு சர்வரில் பைத்தான் பேக்கேஜ்கள்: யார், எங்கே, எப்படி நிறுவுவது?

தறிநூல்

துறை முழுவதும் பயன்படுத்தும் சர்வரை உபுண்டு 20.04-இலிருந்து 24.04-க்கு மாற்றியிருக்கிறோம். மேம்படுத்தவில்லை, வட்டை அழித்துப் புதிதாகவே நிறுவினோம். 64 கோர், இரண்டு என்விடியா ஜிபியு, சுமார் நாற்பது பயனர்கள். ஹோம் அடைவுகள் வேறொரு இயந்திரத்தில் இருக்கின்றன, என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) வழியாக வருகின்றன, ஆளுக்கு 20 ஜிபி கோட்டா. சர்வரிலேயே 4 டிபி என்விஎம்இ வட்டு ஒன்று /ஸ்க்ராட்ச் என்று மவுன்ட் ஆகியிருக்கிறது.

பழைய சர்வரில் பைத்தானின் பேக்கேஜ் நிறுவியான பிப்பைத்தான் பயன்படுத்தினோம். சூடோ (நிர்வாகி உரிமை) உள்ளவர்கள் “சூடோ பிப் இன்ஸ்டால்” கொடுப்பார்கள், இல்லாதவர்கள் “--யூசர்” சேர்த்துக்கொள்வார்கள். இப்போது இரண்டுக்கும் “எக்ஸ்டர்னலி-மேனேஜ்ட்-என்விரான்மென்ட்” என்ற பிழைதான் வருகிறது. “--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்” சேர்த்தால் நிறுவிவிடுகிறது. அதையே எல்லோருக்கும் சொல்லிவிடலாமா?

இன்னொன்று. ஹோமில் ஏற்கெனவே இருந்த சூழல்களை (பேக்கேஜ்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் வென்வ் அடைவுகளை) ஆக்டிவேட் செய்தால் பிராம்ப்டில் பெயர் வருகிறது, ஆனால் நம்பை இல்லை, பாண்டாஸ் இல்லை என்கிறது. கோப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவாக ஒரே சூழல் வைத்துவிட்டால் இதெல்லாம் தீருமா?

வேர்ப்பயனர்

சொல்லாதீர்கள். அந்தப் பிழை உங்கள் சர்வரைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டது. பெப் 668 என்ற பைத்தான் முன்மொழிவின்படி, இயங்குதளத்தின் பைத்தான் நூலக அடைவில் “எக்ஸ்டர்னலி-மேனேஜ்ட்” என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருந்தால் பிப் அங்கே கைவைக்க மறுக்கும். டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இது நடப்பில் இருக்கிறது.

காரணத்தைப் பயனர்களுக்கும் விளக்கிவிடுங்கள். உபுண்டுவின் சொந்தப் பேக்கேஜ் கருவியான ஏபிடி நிறுவும் பைத்தான் பேக்கேஜ்கள் /யுஎஸ்ஆர்/லிப்-இன் கீழ் உள்ள “டிஸ்ட்-பேக்கேஜஸ்” அடைவுக்குப் போகும். ரூட்டாக இருந்து பிப் கொடுத்தால் /யுஎஸ்ஆர்/லோக்கல்-இன் கீழ் உள்ள இன்னொரு “டிஸ்ட்-பேக்கேஜஸ்”. இறக்குமதியின்போது பைத்தான் முதலில் பார்ப்பது லோக்கலைத்தான். எனவே ஒருவர் தன் வேலைக்காக “கிரிப்டோகிராஃபி” பேக்கேஜைப் புதுப்பித்தால், அதை நம்பியிருக்கும், ஏபிடி கொடுத்த பழைய “பைஓபன்எஸ்எஸ்எல்” அந்தப் புதிய கிரிப்டோகிராஃபியோடு மோதும். அதன் பிறகு சர்ட்பாட் முதல் கிளவுட்-இனிட் வரை சர்வரின் சொந்தக் கருவிகள் பிழை கொடுக்கத் தொடங்கும். ஏபிடியைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை. அதனால் எத்தனை முறை மறுநிறுவல் செய்தாலும் சரியாகாது. லோக்கலில் கிடப்பதை நீக்கினால்தான் தீரும்.

அதே காரணத்துக்காக, “அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்” கொண்டு /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3-ஐ வேறு பதிப்புக்குத் திருப்பவும் கூடாது. 24.04-இன் பைத்தான் 3.12. அதை 3.11-க்கோ 3.13-க்கோ மாற்றினால் “ஏபிடி_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை” என்று பேக்கேஜ் கருவிகளே படுத்துவிடும். வேறு பதிப்பு வேண்டுமானால் தனியாகப் பக்கத்தில் வையுங்கள், அதை முழுப் பெயரால் கூப்பிடுங்கள்.

சாதாரணப் பயனர் “--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்” கொடியைச் சேர்த்தால் பேக்கேஜ் அவர் ஹோமில் உள்ள .லோக்கல் அடைவுக்குப் போகும். சர்வருக்குச் சேதமில்லை என்று தோன்றும், ஆனால் அந்த .லோக்கல்தான் பின்னால் பெரும்பாலான புதிர்ப் பிழைகளுக்குப் பிறப்பிடம். அதைப் பற்றி வேறு யாரேனும் விரிவாகச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

பழைய சூழல்கள் வெறுமையாகத் தெரிவதற்குக் காரணம் எளிது. வென்வ் என்பது பைத்தானின் நகல் இல்லை. உள்ளே இருக்கும் பின்/பைத்தான்3 வெறும் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு). அது /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3-ஐக் காட்டுகிறது. முன்பு அங்கே 3.8 இருந்தது, இப்போது 3.12. ஆகவே அது “லிப்/பைத்தான்3.12/சைட்-பேக்கேஜஸ்” அடைவைத் தேடுகிறது. உங்கள் பேக்கேஜ்கள் கிடப்பதோ “லிப்/பைத்தான்3.8”-இல். சூழலைப் பழுதுபார்க்க முயலாதீர்கள். பட்டியலை மட்டும் மீட்டுக்கொண்டு புதிதாகக் கட்டுங்கள். ஏதேனும் ஒரு வேலை செய்யும் பிப்பிலிருந்து “பிப் ஃப்ரீஸ் --பாத்” என்று கொடுத்து, பழைய 3.8 சைட்-பேக்கேஜஸ் அடைவின் முழுப் பாதையைத் தந்தால், பெயரும் பதிப்பும் அப்படியே கிடைக்கும்.

கடலோடி

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். அந்த ஃப்ரீஸ் பட்டியலை அப்படியே 3.12-ல கொடுத்தா பாதி நிறுவாது. பைத்தான் 3.8-க்கு வந்த கடைசி நம்பை 1.24. 3.12-க்கு ஆயத்த வீல் (முன்னாடியே கம்பைல் பண்ணி வச்ச பேக்கேஜ்) இருக்கிற முதல் நம்பை 1.26. அதனால 1.24-னு கேட்டா பிப் மூலக்கோடை இறக்கி அங்கேயே கம்பைல் பண்ணப் பார்க்கும். 3.12-ல டிஸ்டியுடில்ஸ் நீக்கப்பட்டதால பழைய செட்டப் கோப்புகள் அங்கேயே விழும், நூறு வரிக்குப் பிழை கொட்டும். பலபேர் இதைப் பார்த்துட்டு ஜிசிசி இல்லைன்னு நினைச்சு அட்மினுக்கு மெயில் போடுவாங்க. “--ஒன்லி-பைனரி=:ஆல்:” சேர்த்துக் கொடுங்க. வீல் இல்லைன்னா கம்பைல் பண்ணாம ஒரே வரியில “பொருந்தும் பதிப்பு இல்லை”ன்னு சொல்லிடும். காரணம் உடனே புரியும்.

நேரா நீங்க இம்போர்ட் பண்ற ஏழெட்டு பேக்கேஜை மட்டும் பதிப்பு எண் இல்லாம ஒரு கோப்புல எழுதிக் கட்டுங்க. ஓடினதும் ஃப்ரீஸ் எடுத்துப் பக்கத்துல வைங்க. முதல் கோப்பு என்ன வேணும்னு சொல்லும், ரெண்டாவது என்ன கிடைச்சுதுன்னு சொல்லும். ரெண்டும் கிட்ல (கோடோட பதிப்புகளைச் சேமிக்கிற கருவி) இருக்கணும்.

இப்ப இடம். 20 ஜிபி ஹோம்ல சூழல் கட்டறதே தப்பு. கூடா (என்விடியா ஜிபியுல கணக்குப் போடற மென்பொருள்) உள்ள டார்ச் ஒண்ணு நிறுவினா என்விடியா நூலகங்களோட சேர்ந்து 5 ஜிபியைச் சுலபமா தொடும். அதுபோக .கேஷ் அடைவுக்குள்ள பிப் இறக்கினது தனியா உட்கார்ந்திருக்கும். ஹக்கிங்ஃபேஸ் மாடல்களும் அதே .கேஷ்லதான் விழும். “டியூ -எஸ்ஹெச்” ஹோம்ல போட்டுப் பார்த்தா பாதிப் பேருக்குக் கேஷும் .லோக்கலும்தான் மேல நிக்கும். கோப்பு எண்ணிக்கைக்கும் கோட்டா இருந்தா “டியூ --ஐநோட்ஸ் -எஸ்” போடுங்க. ஜிபி மிச்சம் இருக்கும்போதே எண்ணிக்கை தீர்ந்து எழுத முடியாம போகும்.

அட்மின் செய்ய வேண்டியது: /ஸ்க்ராட்ச்-ல ஒவ்வொருத்தருக்கும் அவர் பேர்ல ஒரு அடைவு, 700 உரிமை. /ஈடிசி/ப்ரொஃபைல்.டி-க்குள்ள ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதுல பிப் கேஷ், ஹக்கிங்ஃபேஸ் ஹோம், டெம்ப் அடைவு மூணுக்கும் உரிய சூழல் மாறிகளை அந்த அடைவுக்குத் திருப்பி விடுங்க. டெம்ப் எதுக்குன்னா, பிப் வீலைப் பிரிக்கறதும் மூலக்கோடைக் கட்டறதும் /டெம்ப்-லதான். அது சின்னதா இருந்தா ஹோம்ல இடம் இருந்தும் “டிவைஸ்ல இடம் இல்லை”ன்னு வரும். பாதுகாப்புக்காக /டெம்ப்-ஐ நோஎக்ஸெக்-ஆ மவுன்ட் பண்ணியிருந்தா கட்டும்போது “பெர்மிஷன் டினைட்”. ரெண்டுக்கும் டெம்ப் அடைவை மாத்தறதுதான் மருந்து.

/ஸ்க்ராட்ச்-க்கு பேக்கப் கிடையாதுன்னு தெளிவா எழுதிப் போட்டுடுங்க. சூழல் போனா போகட்டும், கோப்புல இருந்து பத்து நிமிஷத்துல திரும்பக் கட்டலாம். கோடும் தேவைப் பட்டியலும் ஹோம்ல. சூழலும் கேஷும் ஸ்க்ராட்ச்ல. என்எஃப்எஸ்-ல இருந்து டார்ச் இம்போர்ட் ஆக ஏன் அவ்வளவு நேரம் ஆகுதுன்னா, ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒவ்வொண்ணா நெட்வொர்க் வழியா விசாரிக்கணும். லோக்கல் வட்டுல அந்தக் காத்திருப்பு இல்லை.

தறிநூல்

நன்றி. “பைத்தான்3 -எம் வென்வ்” கொடுத்தால் “என்ஷூர்பிப் கிடைக்கவில்லை” என்று நின்றுவிட்டது. பிறகு, சிலர் கோண்டா (பைத்தான் அல்லாத நூலகங்களையும் நிறுவும் பேக்கேஜ் கருவி) இல்லாமல் முடியாது என்கிறார்கள். அதை அனுமதிக்கலாமா?

வேர்ப்பயனர்

டெபியன் குடும்பத்தில் வென்வ் தனிப் பேக்கேஜ். “ஏபிடி இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்” கொடுங்கள். முன் முயற்சியில் பாதி உருவான அடைவு அப்படியே கிடக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள். அதன்மேல் “ஆக்டிவேட்” தேடினால் கிடைக்காது.

வெண்கல்

கோண்டாவை அனுமதியுங்கள், ஆனால் ஆளாளுக்கு ஹோமில் அனகோண்டா நிறுவ விடாதீர்கள். தேவை உண்மையானதுதான். ஜிடிஏஎல் போன்ற புவியியல் நூலகங்கள், எச்டிஎஃப்5, ஆர் மொழி, குறிப்பிட்ட சி++ கம்பைலர் என்று பைத்தானுக்கு வெளியே உள்ளவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய இடத்தில் பிப் தடுமாறும். வெறும் நம்பை, பாண்டாஸ், டார்ச் போதும் என்பவருக்குக் கோண்டா தேவையே இல்லை.

கோண்டாவின் சிறிய வடிவமான மினிஃபோர்ஜ் எடுத்து /ஆப்ட்-இன் கீழ் ரூட் உரிமையில் ஒரே ஒரு முறை நிறுவுங்கள். அது கோண்டா-ஃபோர்ஜ் சேனலை (பேக்கேஜ் களஞ்சியத்தை) மட்டும் பயன்படுத்தும். அனகோண்டாவின் சொந்த “டீஃபால்ட்ஸ்” சேனலுக்கு, 200 பேருக்கு மேல் உள்ள அமைப்புகள் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது; கல்விக்கான விலக்கு எதற்கெல்லாம் பொருந்தும் என்பதை நிர்வாகத்தோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஒரு பயனரின் .கோண்டாஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் “டீஃபால்ட்ஸ்” இருந்தாலும் அது உங்கள் நிறுவனத்தின் இணைய முகவரிக்குத்தான் இறங்கும்.

மினிஃபோர்ஜ் அடைவுக்குள்ளேயே எல்லோருக்கும் பொதுவான .கோண்டாஆர்சி ஒன்றை வையுங்கள். அதில் முக்கியமானவை இரண்டு: “என்வ்ஸ்_டிர்ஸ்”, “பிகேஜிஎஸ்_டிர்ஸ்”. இரண்டையும் /ஸ்க்ராட்ச்/$யூசர்-இன் கீழ் கொடுங்கள். இந்த இரண்டு அமைப்புகளிலும் சூழல் மாறிகளைக் கோண்டா விரித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருப்பது கட்டாயம். கோண்டா ஒரு பேக்கேஜைக் கேஷில் பிரித்து, அங்கிருந்து சூழலுக்கு ஹார்ட்லிங்க் (நகல் எடுக்காமல் அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போடும். கேஷ் ஹோமிலும் சூழல் ஸ்க்ராட்சிலும் இருந்தால் ஹார்ட்லிங்க் முடியாது, முழு நகல் எடுக்கும். இடம் இரட்டிப்பாகும், நேரமும் கூடும்.

இதனால் இட அளவைக் கணக்கிடும்போது கவனம் வேண்டும். ஐந்து சூழல்களைத் தனித்தனியாக டியூ போட்டுக் கூட்டினால், பகிர்ந்த கோப்புகள் ஐந்து முறை எண்ணப்படும். ஒரே டியூ கட்டளையில் எல்லா அடைவுகளையும் கேஷையும் சேர்த்துக் கொடுத்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

“கோண்டா இனிட்” ஒவ்வொருவரின் .பாஷ்ஆர்சி-யிலும் ஒரு பத்தியை எழுதும். பிறகு லாகின் செய்ததுமே “பேஸ்” சூழல் தானாக இயங்கி, பாத்தின் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) முன்னால் கோண்டாவின் பைத்தான் வந்து நிற்கும். ரிமோட் டெஸ்க்டாப் அமர்வுகள் இதனால் திறக்காமல் போவதும் உண்டு. பொதுக் கோண்டாஆர்சி-யில் “ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ்” என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

பிப்பும் கோண்டாவும் கலக்கும் சூழலில் வரிசை உண்டு. கோண்டா மூலம் வேண்டியதை எல்லாம் முதலில் ஒரே கட்டளையில் நிறுவிவிட்டுக் கடைசியாகப் பிப். அதன் பிறகு கோண்டா இன்ஸ்டால் கொடுத்தால், பிப் நிறுவியதைக் கணக்கில் எடுக்காமல் அதன்மேல் எழுதிவிடும். புதிதாகக் கோண்டா பேக்கேஜ் தேவைப்பட்டால் கோப்பில் சேர்த்துச் சூழலை மறுபடி கட்டுங்கள்.

வேர்ப்பயனர் சொன்ன .லோக்கல் விஷயம் இங்கேதான் கடிக்கும். சாதாரண வென்வ் தன்னளவில் .லோக்கலைப் பார்க்காது, அடைத்துவிடும். கோண்டா சூழல் அடைக்காது! ஹோமின் .லோக்கலில் பைத்தான் 3.12-க்கு ஒரு பழைய நம்பை கிடந்தால், அவருடைய எல்லா 3.12 கோண்டா சூழல்களிலும் அதுதான் முதலில் இறக்குமதியாகும். “கோண்டா லிஸ்ட்” புதிய பதிப்பைக் காட்டும், ஓடுவது பழையது. கண்டுபிடிக்க, பைத்தானுக்குள் நம்பையை இம்போர்ட் செய்து அதன் __ஃபைல்__ மதிப்பை அச்சிடுங்கள். தடுக்க, “பைத்தான்நோயூசர்சைட்” என்ற சூழல் மாறிக்கு 1 கொடுங்கள், எல்லாம் பெரிய எழுத்தில், இடையில் கோடில்லாமல். இதைக் கடலோடி சொன்ன அந்த ப்ரொஃபைல் ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிடலாம்.

மூன்றாம்ஷெல்

.லோக்கல்/லிப்-ஐ நீக்கினால் மட்டும் போதாது, .லோக்கல்/பின்-ஐயும் பாருங்கள். அந்த அடைவு இருந்தால் உபுண்டுவின் .ப்ரொஃபைல் அதைப் பாத்தின் முன்னால் சேர்க்கும். 3.8 காலத்து ஜூப்பிட்டர், பிப், பிளாக் எல்லாம் அங்கே உட்கார்ந்துகொண்டு “மாட்யூல் இல்லை” என்று விழும். “டைப் -ஏ பிப்” கொடுத்தால் எந்தெந்தப் பிப் எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரியும். நீக்கிய பிறகும் பழைய பாதையையே ஷெல் நினைவில் வைத்திருந்தால் “ஹாஷ் -ஆர்”.

பயனர்களுக்கு ஒரே ஒரு பழக்கம் கற்பிக்க முடியுமானால் இது: வெறும் “பிப்” என்று எழுதாமல் “பைத்தான் -எம் பிப்”. எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதற்குள்தான் நிறுவும்.

நெய்தல்

இவ்வளவையும் 2024-இல் வந்த யுவி என்ற பைத்தான் பேக்கேஜ் நிறுவி ஒரே கருவியில் செய்கிறது என்பதை யாரும் சொல்லவில்லையே. பயனருக்கு சூடோ வேண்டாம். “யுவி பைத்தான் இன்ஸ்டால் 3.10” என்றால் அவருக்கு மட்டும் 3.10 கிடைக்கும், சிஸ்டம் பைத்தானைத் தொடாது. பழைய ப்ராஜெக்ட்டை 3.12-க்கு இழுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இதுதான் வழி. தேவைகளையும் பூட்டுக் கோப்பையும் (துல்லியமான பதிப்புகளின் பட்டியல்) ப்ராஜெக்ட் அடைவிலேயே வைக்கும். “யுவி சிங்க்” கொடுத்தால் பூட்டில் உள்ளதை அப்படியே கட்டும்.

கோண்டா போலவே இதுவும் லினக்ஸில் கேஷிலிருந்து ஹார்ட்லிங்க் போடும். எனவே “யுவி_கேஷ்_டிர்” சூழல் மாறியை ஸ்க்ராட்சுக்குத் திருப்புங்கள், சூழலும் அங்கேயே இருக்கட்டும். “ஹார்ட்லிங்க் முடியவில்லை, முழு நகலுக்கு மாறுகிறேன்” என்று எச்சரிக்கை வந்தால் இரண்டும் வேறு வேறு ஃபைல்சிஸ்டத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். இறக்கும் பைத்தான்கள் ஹோமின் .லோக்கல்/ஷேர்-க்குள் போகும், அதற்கும் “யுவி_பைத்தான்_இன்ஸ்டால்_டிர்” இருக்கிறது.

வெண்கல்

யுவிக்கு எதிர்ப்பில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. “யுவி வென்வ்” கட்டும் சூழலுக்குள் பிப் இருக்காது. அதை ஆக்டிவேட் செய்துவிட்டுப் பழக்கத்தில் “பிப் இன்ஸ்டால்” கொடுத்தால் பாத்தில் அடுத்து நிற்கும் சிஸ்டம் பிப் ஓடும், மறுபடி எக்ஸ்டர்னலி-மேனேஜ்ட் பிழை வரும். பயனர் குழம்பி அந்தப் பிரேக் கொடியைத் தேடிப் போவார். “யுவி பிப் இன்ஸ்டால்” கொடுக்க வேண்டும், அல்லது கட்டும்போதே “--சீட்”.

இரண்டாவது, ஹார்ட்லிங்க் உள்ள எந்த அமைப்பிலும் சைட்-பேக்கேஜஸுக்குள் போய்க் கோப்பைத் திருத்தக் கூடாது. பிழை தேடும்போது நூலகத்துக்குள் ஒரு பிரின்ட் வரி சேர்ப்பது பலருக்குப் பழக்கம். எடிட்டர் அதே ஐநோடில் (வட்டில் உள்ள அதே கோப்பில்) எழுதினால் கேஷும் மாறும், அந்தப் பேக்கேஜைப் பகிரும் எல்லாச் சூழல்களும் மாறும், அடுத்து கட்டப்போகும் சூழலும் கெட்டதாகவே பிறக்கும். திருத்தித்தான் ஆக வேண்டுமானால் மூலக்கோடை இறக்கி “-இ” கொடியோடு நிறுவுங்கள்.

வேர்ப்பயனர்

பொதுச் சூழல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வகுப்புக்கு, புதியவருக்கு, ஜூப்பிட்டரில் சின்னக் கணக்குப் பார்ப்பவருக்கு ஒன்று இருக்கட்டும். ஆய்வு வேலைக்கு அது போதாது. ஒருவருக்கு டார்ச் புதுசு வேண்டும், இன்னொருவருக்குப் பழசு. ஒரே சூழலில் இருவரையும் திருப்திப்படுத்த முயன்றால் வாரத்துக்கு ஒரு முறை யாருக்கோ உடையும்.

வைப்பதானால் இப்படி. லாகின் இல்லாத தனிக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள், சூழல்கள் அதன் உடைமை. /ஆப்ட்/என்வ்ஸ்-இன் கீழ் பெயரோடு ஆண்டும் மாதமும்: “பொது-2025-07”. உரிமை 755, பயனர்களுக்கு எழுதும் உரிமை வேண்டவே வேண்டாம். குழுவாக எழுதலாம் என்று 2775 வைத்தால், யாரோ ஒருவர் அவசரத்துக்கு ஒரு பேக்கேஜைப் புதுப்பிப்பார், இரவு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவரின் பயிற்சி நடுவில் விழும். பைத்தான் எல்லா மாட்யூலையும் தொடக்கத்திலேயே ஏற்றிவிடுவதில்லை. எட்டு மணி நேரம் கழித்து முதல்முறையாக ஒரு துணை மாட்யூலைக் கேட்கும், அதற்குள் கோப்பு மாறியிருக்கும்.

எனவே கட்டிய சூழலைப் புதுப்பிக்காதீர்கள். அடுத்த மாதத்துக்கு அடுத்தது கட்டுங்கள். “பொது-நடப்பு” என்ற சிம்லிங்கை “எல்என் -எஸ்எஃப்என்” கொண்டு புதியதற்குத் திருப்புங்கள்.

வேறிடத்தில் கட்டி நகர்த்தவும் கூடாது. பின் அடைவில் உள்ள ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியிலும் கட்டிய இடத்தின் முழுப் பாதை பதிந்திருக்கும். நகர்த்தினால் “பேட் இன்டர்ப்ரிட்டர்”.

எழுத முடியாத சூழலில் __பைகேஷ்__-உம் (கம்பைல் ஆன பைட்கோடைச் சேமிக்கும் அடைவு) எழுத முடியாது. பிப் நிறுவும்போதே பைட்கோடாக மாற்றி வைத்துவிடும், பிரச்சினை இல்லை. யுவி தானாகச் செய்யாது. யுவியால் கட்டினால் “--கம்பைல்-பைட்கோட்” கொடுங்கள். மறந்தால் ஒவ்வொரு பயனரும் ஒவ்வொரு முறையும் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்துகொண்டே இருப்பார்கள், இறக்குமதி ஏன் மெதுவாக இருக்கிறது என்று யாருக்கும் புரியாது.

மூன்றாம்ஷெல்

அந்தச் சிம்லிங்கில் ஒரு பள்ளம் இருக்கிறது, கட்டாயம் எழுதி வையுங்கள். “பொது-நடப்பு/பின்/பைத்தான்” என்று நேரடியாகத் தொடங்கிய நிரல், தன் முகவரியாகச் சிம்லிங்கின் பெயரையே வைத்துக்கொள்ளும். பைத்தான் தான் எந்தச் சூழலில் இருக்கிறது என்பதை, தான் அழைக்கப்பட்ட பாதைக்கு அருகில் உள்ள பைவென்வ்.சிஎஃப்ஜி கோப்பை வைத்து முடிவு செய்கிறது. வழியில் உள்ள சிம்லிங்கைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆக, நிரல் ஓடும்போது நீங்கள் லிங்கைத் திருப்பினால், அதுவரை ஏற்றியது பழைய சூழலிலிருந்தும் இனி ஏற்றுவது புதிய சூழலிலிருந்தும் வரும். இடத்திலேயே புதுப்பித்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

ஆக்டிவேட் ஸ்கிரிப்டில் கட்டிய பாதை அப்படியே எழுதப்பட்டிருப்பதால், லிங்க் வழியாக அதை ஓட்டினாலும் தேதியுள்ள பெயரே பாத்தில் சேரும், அது பாதுகாப்பு. நீண்ட வேலைகளுக்குத் தேதியுள்ள முழுப் பாதையைக் கொடுக்கச் சொல்லுங்கள். நடப்பு லிங்க் கையால் தட்டிப் பார்ப்பதற்கு மட்டும்.

பழைய சூழலை நீக்குமுன் “எல்எஸ்ஓஎஃப் +டி” கொண்டு யாரேனும் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். என்எஃப்எஸ் மேல் இருக்கும் சூழலாக இருந்தால், அதே இயந்திரத்தில் திறந்திருக்கும் கோப்புகளை நீக்கும்போது .என்எஃப்எஸ் என்று தொடங்கும் பெயர்களில் மீந்து நிற்கும், அடைவு நீங்காது. அந்தப் ப்ராசஸ் முடிந்ததும் தானாகப் போய்விடும்.

தறிநூல்

பொதுச் சூழலை அடித்தளமாக வைத்து, அதன்மேல் பயனர் தனக்கு வேண்டிய இரண்டு பேக்கேஜை மட்டும் சேர்த்துக்கொள்ள முடியுமா? பொதுச் சூழலின் பைத்தானால் “--சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்” கொடுத்து வென்வ் கட்டினேன், பொதுச் சூழலில் உள்ளவை தெரியவில்லை.

வெண்கல்

தெரியாது. வென்வுக்குள்ளிருந்து வென்வ் கட்டினாலும் அது அடிப்படைப் பைத்தானோடுதான் இணையும். அந்தக் கொடி காட்டுவது அடிப்படைப் பைத்தானின் பேக்கேஜ்களை, பொதுச் சூழலில் உள்ளவற்றை இல்லை. கட்டிய பயனர் சூழலின் சைட்-பேக்கேஜஸுக்குள் .பிடிஎச் என்று முடியும் ஒரு கோப்பு வைத்து, அதில் பொதுச் சூழலின் சைட்-பேக்கேஜஸ் முழுப் பாதையை ஒரே வரியாக எழுதினால் அடுக்கு உருவாகும். அந்தப் பாதை பட்டியலின் கடைசியில் சேர்வதால் பயனர் நிறுவியதே முந்தும். இரண்டும் ஒரே பைத்தான் பதிப்பாக இருக்க வேண்டும், தேதியுள்ள பாதையாக இருக்க வேண்டும். “பைத்தான்பாத்” மாறியால் இதைச் செய்யாதீர்கள். அது பயனருடையதற்கு முன்னால் நிற்கும், அந்த ஷெல்லில் ஓடும் எல்லாப் பைத்தானுக்கும் பொருந்தும்.

வகுப்புக்கு இது நல்ல வழி. ஆய்வுக்கு நான் தனிச் சூழலையே சொல்வேன்.

கடலோடி

ஜிபியு பக்கம் யாரும் வரலை. டிரைவர் மட்டும்தான் அட்மின் வேலை. கூடா ரன்டைம் டார்ச் வீலோடயே வருது, கூடா டூல்கிட் தனியா நிறுவவே வேண்டாம், சொந்தமா கூடா கோடு கம்பைல் பண்றவங்க தவிர. “என்விடியா-எஸ்எம்ஐ” மேல காட்டற கூடா எண் அந்த டிரைவர் தாங்கற உச்சம். நிறுவியிருக்கற பதிப்பு இல்லை. டார்ச் எந்தக் கூடாவோட கட்டினதுன்னு பார்க்க “டார்ச்.வெர்ஷன்.கூடா”.

சர்வர்ல அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஓடிட்டிருந்தா ஒருநாள் டிரைவர் நூலகத்தை மாத்திடும், கர்னல்ல ஏறியிருக்கற மாட்யூல் பழசா இருக்கும். எல்லாருக்கும் “டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்”, ஜிபியு காணோம். சூழலை அழிச்சுக் கட்டறதுல ஒரு பயனும் இல்லை, ரீபூட் வேணும். என்விடியா பேக்கேஜ்களை அந்தத் தானியங்கிப் பட்டியல்ல இருந்து விலக்கி, முன்னறிவிப்பு கொடுத்து நீங்களே கையால புதுப்பிங்க.

64 கோர்னு சொன்னீங்க. நம்பைக்குப் பின்னால இருக்கற கணித நூலகமான ஓபன்பிளாஸ் ஒரு ப்ராசஸுக்கு கோர் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி த்ரெட் போடப் பார்க்கும். ஒருத்தர் எட்டு ப்ராசஸ் தட்டினா 512 த்ரெட், எல்லாரும் மெதுவாவாங்க. பயனருக்கு த்ரெட் வரம்பு வச்சிருந்தா “பிதிரெட்_க்ரியேட் ஃபெயில்ட்”னு நிக்கும். “ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ்”-க்கு 4-னு பொது ப்ரொஃபைல்ல வைங்க, வேணுங்கறவங்க கூட்டிக்கட்டும்.

நெய்தல்

ஜூப்பிட்டர்: ஒவ்வொரு சூழலிலும் ஐபைகர்னல் நிறுவி, அந்தச் சூழலின் பைத்தானால் “-எம் ஐபைகர்னல் இன்ஸ்டால் --யூசர் --நேம்” கொடுத்தால் நோட்புக்கில் கர்னலாக (கோடை ஓட்டும் பைத்தானாக) தெரியும். சூழலை நீக்கிய பின் கர்னல் பெயர் மட்டும் மீந்திருக்கும். “ஜூப்பிட்டர் கர்னல்ஸ்பெக் ரிமூவ்”. நோட்புக்குக்குள் ஆச்சரியக்குறி போட்டுப் பிப் கொடுத்தால் ஜூப்பிட்டர் தொடங்கிய ஷெல்லின் பிப் ஓடும், கர்னலின் பிப் இல்லை. சதவீதக் குறி போட்ட பிப்பைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான், ஸ்லர்ம், சிஸ்டம்டி எதிலும் ஆக்டிவேட் தேவையில்லை. ஆக்டிவேட் செய்வதெல்லாம் பாத்தின் முன்னால் ஒரு அடைவைச் சேர்ப்பதும் ஓரிரு மாறிகளை வைப்பதும்தான். சூழலின் பின்/பைத்தான் முழுப் பாதையை எழுதினால் போதும். கோண்டாவில் சில பேக்கேஜ்கள் தங்கள் ஆக்டிவேட் ஸ்கிரிப்டில் மாறிகள் வைப்பதால் அங்கே மட்டும் “கோண்டா ரன் -பி” பாதுகாப்பானது.

தறிநூல்

ப்ரொஃபைல் ஸ்கிரிப்ட், ஸ்க்ராட்ச் அடைவுகள், பொது மினிஃபோர்ஜ் மூன்றையும் இன்று வைத்துவிடுகிறேன். யாரும் பிரேக் கொடியைப் பயன்படுத்தாமல் தடுக்க /ஈடிசி/பிப்.கான்ஃப்-இல் “ரெக்வயர்-வெர்ச்சுவல்என்வ்” ட்ரூ என்று வைக்கலாமா?

மூன்றாம்ஷெல்

வைக்கலாம், வென்வுக்கு வெளியே பிப் எதையும் நிறுவாது. ஆனால் பிப் பார்வையில் கோண்டா சூழல் வென்வ் இல்லை, அதற்குள்ளும் மறுத்துவிடும். அந்த ஒவ்வொரு கோண்டா சூழலிலும் “கோண்டா என்வ் கான்ஃபிக் வார்ஸ் செட்” மூலம் “பிப்_ரெக்வயர்_வெர்ச்சுவல்என்வ்” என்பதை ஃபால்ஸ் ஆக்கி, மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். சூழல் மாறி கோப்பை விட மேலானது என்பதால் அங்கே மட்டும் விலக்கு கிடைக்கும். என்விரான்மென்ட்.ஒய்எம்எல் கோப்பிலேயே “வேரியபிள்ஸ்” பகுதியில் எழுதிவிட்டால் மறுபடி கட்டும்போதும் அது கூடவே வரும், ஆனால் அதே கோப்பின் பிப் பகுதி நிறுவும் நேரத்தில் அது நடப்புக்கு வந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். “கோண்டா என்வ் க்ரியேட்” கொடுக்கும் அந்தக் கட்டளைக்கு முன்னாலேயே மாறியை எழுதிக் கொடுங்கள்.